முருகைக்கல்லும் அதனைக் கட்டும் உயிரும்

சங்கச் செய்யுட்களில் துகிர் என்றும் பவளம் என்றும் வழங்கும் பொருள் செந்நிற மணியாகும். அது பொன்னொடும் முத்தொடும் ஒருங்கு வைத்து எண்ணப்படும். மகளிர் இதழுக்கு உவமையாகும். பிற்காலத்தில் நவமணிகளுள் ஒன்றாகவும் வைக்கப்பட்டது. இக்காலத்தில் மன்னார் வளைகுடாவின் அடியில் திட்டுத் திட்டாக வளர்ந்து கிடக்கும் சுண்ணக்கல் திரளையும் பவளப்பாறை என்றே தமிழகத்துப் பாடநூல்களும் செய்தித்தாள்களும் எழுதுகின்றன. பெயர் ஒன்றாதலின் பொருளும் ஒன்றெனக் கொள்வார் பலர். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும்போது கீழ்க்கடலின் துகிரையும் சேர்த்துச் சொல்கிறது. அத்துகிர் இராமேசுவரத்தை அடுத்த கடலிற் பெயர்த்த கல்லே என்று ஒருவர் எழுதத் துணிவாராயின், அவரைக் குறை கூறுதற்கில்லை. நம் கலைச்சொல்லே அவரை அவ்வழியிற் செலுத்துகிறது.

இரண்டும் வேறு என்பதை முதலில் தெளிதல் வேண்டும். அதன் பின்னர், பாறை கட்டும் உயிர்களுள் ஒன்றனை எடுத்துக்கொண்டு, அஃது எத்தகையது, யாண்டு வாழ்வது, எங்ஙனம் கல்லாக்குவது, அக்கல்லில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

அணிகலன் ஆகும் பவளம் பழங்காலத்தே மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் எரித்திரியக் கடற்பயணம் என்னும் கிரேக்க வழிநூல், முசிறியில் வந்திறங்கிய சரக்குகளுள் பவளத்தையும் குறிக்கிறது. உரோமர் இந்திய முத்தை மதித்தவாறே இந்தியர் பவளத்தை மதித்தனர் என்று பிளினி எழுதியுள்ளார். முத்து மேற்கே சென்றது. பவளம் கிழக்கே வந்தது. பட்டினப்பாலை தருவது துறைமுகத்து அங்காடிப் பட்டியலேயன்றிப் பவளம் விளையுமிடங்களின் பட்டியல் அன்று என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளல் தகும்.

மத்தியதரைக் கடற் பவளம் பெரும்பாலும் 30 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை ஆழத்தில், பாறை முழைஞ்சுகளிலும் ஒளி குன்றிய சரிவுகளிலும் சிறு மரம்போற் கிளைத்து வளரும். அதன் உடலில் வாயைச் சுற்றி எட்டு உணர்விழைகள் உண்டு. அதன் செம்மை உள்ளீடாகிய கல்லிலேயே ஊறியுள்ளது. ஆதலின் அறுத்து மெருகிட்டாலும் நிறம் மாறாது. பாறை கட்டும் உயிர்களோ ஆறும் ஆறன் மடங்குமாகிய உணர்விழைகளை உடையவை. ஆழமற்ற, வெயில் படும் நீரில் வாழ்பவை. அவற்றின் நிறமெல்லாம் மேலே போர்த்த உயிர்த்தசையில் உள்ளது. தசை அழிந்தால் எஞ்சுவது வெள்ளைக் கல். அதனைக் கடைந்து மணியாக்குவார் இல்லை. சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவர். எட்டிழையினமும் ஆறிழையினமும் விலங்கியலிற் பெரும்பிரிவு அளவிலேயே பிரிந்துவிடுகின்றன. ஆதலின் ஒன்றன் பெயரை மற்றொன்றற்கு இடுதல், நத்தையைச் சிப்பி என்றழைத்தலோடு ஒக்கும்.

தமிழில் வேறு சொல் இல்லையோ எனின், உண்டு. ஈழத்துத் தமிழர் இக்கல்லை முருகைக்கல் என்பர். அந்நாட்டுப் பாடநூல்கள் முருகைக்கற்பாறை என்றே எழுதி வருகின்றன. அச்சொல்லைத் தமிழகத்தாரும் கொள்ளுதல் நன்று என்பது என் கருத்து. கல்லை முருகைக்கல் என்றும், அதனைக் கட்டும் உயிரை முருகை என்றும் இனி இக்கட்டுரையில் வழங்குவேன். பவளம் என்னும் சொல் அதற்குரிய செம்மணிக்கே நிற்கட்டும்.

முருகை மரமோ, கல்லோ, விலங்கோ என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்சிலி என்னும் இத்தாலிய அறிஞர், நீரில் இட்ட செம்பவளத்தின் மேல் வெண்ணிறமான சிறு பூக்கள் விரிவதைக் கண்டு, அது செடியே என்று முடிவு கட்டினார். மார்செய் நகரத்து மருத்துவராகிய பெய்சொனெல், 1720களில், அப்பூக்கள் தொட்டவுடன் சுருங்குவதையும் இறந்தால் ஊன்போல் நாறுவதையும் நோக்கி, அவை விலங்குகளே என்றார். பாரிசு அறிவியற் கழகத்தில் அக்கருத்தை எடுத்துரைத்த ரெயோமூர், அதனை ஏலாதவராய், எழுதியவருக்கு இழுக்கு நேருமென அஞ்சிப் பெயரையே மறைத்துவிட்டார்! சில பத்தாண்டுகள் கழிந்த பின்னரே பெய்சொனெல் கூற்று நிலைபெற்றது.

தமிழ் மாணாக்கர்க்கு இவ்விடத்தில் தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வரும். புல்லும் மரமும் ஓரறிவின. நந்து முதலியன ஈரறிவின. மரம்போல் ஓரிடத்தே நிலைத்து நிற்பதாயினும், முருகை தீண்டுவதை அறியும். நீரிற் கலந்த உணவின் சுவையையும் அறியும். கண்ணும் செவியும் மூக்கும் அதற்கில்லை. அசைவைக் கொண்டன்றி அறிவைக் கொண்டு உயிர்களை வகுத்த அம்மரபின்படி நோக்கின், முருகையை நந்தின் பக்கலில் வைப்பதற்குத் தடையில்லை.

உலகக் கடல்களில் பாறை கட்டும் முருகை வகைகள் பல நூறு உள. மன்னார் வளைகுடாவில் மட்டும் 117 வகை பதிவாகியுள்ளன. அவற்றுள் போரைட்டிஸ் லூட்டியா என்பதனை ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். கிளைத்து விரைவாக வளரும் அக்ரோபோரா போன்றவை அழகாற் சிறந்தன. படம் பிடிப்பாரும் அவற்றையே நாடுவர். ஆயினும் வாழ்நாளின் நீட்சியாலும் கல்லின் திண்மையாலும் போரைட்டிஸே பாறைக்கு முதுகெலும்பு. செங்கடல் முதல் இந்துமாக் கடல் முழுதும் பரவிப் பசிபிக்கின் நடுப்பகுதி வரை இவ்வகை காணப்படுகிறது. லூட்டியா என்பது இலத்தீன் மொழியில் மஞ்சள் நிறத்தைக் குறிக்கும். உயிரோடுள்ள திரள் வெளிர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ தோன்றும்.

வடிவில் இது கவிழ்த்த குடத்தை ஒக்கும். இளமையில் உள்ளங்கை அளவான மேடு. வளர்ந்தபின் ஆளுயரத்தையும் கடக்கும் அரைக்கோளம். அமெரிக்கச் சமோவாவின் தாவூத் தீவை அடுத்துள்ள போரைட்டிஸ் திரள் ஒன்று, 6 மீட்டருக்கு மேல் உயரமும் 41 மீட்டர் சுற்றளவும் உடையது. மேற்பரப்பைத் தொலைவிலிருந்து நோக்கினால் வழவழப்பாகத் தோன்றும். அணுகி உருப்பெருக்கி கொண்டு நோக்கினால், ஊசியாற் குத்தியதுபோல் நெருங்கிய குழிகள் புலனாகும். ஒவ்வொரு குழியும் ஓருயிரின் இல்லம். அதன் குறுக்களவு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். அவ்வுயிரைப் பாலிப் என்பர். அஃது ஒரு சிறு குழல். மேலே வாய், வாயைச் சுற்றி உணர்விழைகள், உள்ளே ஒரே குழியாகிய வயிறு. உண்பதும் கழிப்பதும் ஒரே வாயினால். குழியுடலிகள் என்னும் பெயர் இவ்வமைப்பாற் பெற்றது. ஒரு மீட்டர் குறுக்களவுள்ள அரைக்கோளத்தின் பரப்பைக் கணக்கிட்டால், அதன்மேல் ஏறத்தாழ 10 இலட்சம் பாலிப்புகள் குடியிருக்கின்றன என்பது தெரியவரும்.

குழியின் உட்சுவரிலிருந்து நடுவை நோக்கிப் பன்னிரண்டு மெல்லிய கல்லிதழ்கள் நீளுகின்றன. வகை பிரிப்போர் இவ்விதழ்களின் அமைப்பையே சான்றாகக் கொள்வர். ஒரு பக்கத்தே அமைந்த மூவிதழும் ஒன்றோடொன்று இணைந்திருப்பின் லூட்டியா. தனித்து நிற்பின் அதனோடு ஒத்த தோற்றமுடைய லோபாட்டா. ஏட்டுச்சுவடியில் புள்ளியில்லா எழுத்தைப் படித்துப் பழகியவர்க்கு இந்நுணுக்கம் வியப்புத் தராது. ஆயினும் சில திரள்களில் ஒரே கல்லின் இருவேறு பக்கங்கள் இருவேறு வகையைக் காட்டுவதுண்டு. மரபணு ஆராய்ச்சி வந்தபின், இப்பேரினத்தின் வகை எல்லைகள் முன்னோர் கருதிய அளவுக்குத் திட்டவட்டமானவை அல்ல என்பதும் புலப்பட்டுள்ளது.

இத்தனை பாலிப்புகளும் ஒரே கருவிலிருந்து தோன்றியவை. போரைட்டிஸ் லூட்டியாவில் ஒரு திரள் முழுதும் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கும். பெரும்பாலான முருகைகள் இருபாலும் ஒருங்குடையன என்பதை நோக்க, இது வேறுபாடே. ஆண் திரள் விந்தணுவையும் பெண் திரள் கருமுட்டையையும் கடலில் விடும். நீரிலேயே கரு உண்டாகும். கருவிலிருந்து தோன்றும் பிளானுலா என்னும் நுண்ணிய நீந்துயிரி சில நாட்கள் மிதந்து, வன்மையான தரையைக் கண்டு ஒட்டிக்கொள்ளும். மணலிலும் சேற்றிலும் ஒட்டாது. ஒட்டியபின் ஒரு பாலிப்பாக உருமாறி, அஃது இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும். மேலே உள்ள மெல்லிய தசையால் அனைத்தும் இணைந்தே இருக்கும். எனவே அக்குன்று ஒருமையா பன்மையா என்பது இலக்கண ஆசிரியரையும் மயக்கும் வினாவாகும். நாம் திரள் என்னும் தொகைப்பெயரால் அதனைக் கடந்து செல்கிறோம்.

இனி, கல்லாக்கும் முறை. பாலிப்பின் உட்தசையிலுள்ள உயிரணுக்களுக்குள்ளே சூசாந்தெல்லா என்னும் ஒற்றையணுப் பாசிகள் வாழ்கின்றன. தசையின் ஒரு சதுர சென்டிமீட்டரில் இவை 10 இலட்சம் அளவிலேனும் இருக்கும். பழுப்பு நிறத்திற்குக் காரணமும் இவையே. பகலில் இவை ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் சர்க்கரையும் கொழுப்பும் பெரும்பாலும் முருகைக்கே சென்று சேர்கின்றன. முருகை தன் மூச்சில் விடும் கரியமில வாயுவையும் தன் கழிவிலுள்ள நைட்டிரசனையும் பாசிக்குக் கொடுக்கிறது. மழைக்காடு எத்துணைச் செழிப்புடையதோ அத்துணைச் செழிப்பான வாழ்வு, உணவு மிகக் குறைந்த தெளிந்த வெப்பக்கடலில் அமைவது இக்கொடுக்கல் வாங்கலாலேயாம். போரைட்டிஸின் கருமுட்டையிலேயே தாய் இப்பாசியை வைத்தனுப்புகிறது. பிற முருகைகள் பலவற்றின் குஞ்சுகளோ பாசியைக் கடலில் தேடிக்கொள்ள வேண்டும். சீதனத்தோடு புகும் மணமகள் என்று உவமை கூறின் மிகையாகாது. பாசியிடமிருந்து பெறுவது போதாதபோது, உணர்விழைகளிலுள்ள கொட்டும் அணுக்களால் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்தும் உண்ணும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம் கரைந்துள்ளது. பாலிப்பின் அடித்தோலுக்கும் பழைய கல்லுக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளி ஒன்று உண்டு. அடித்தோலின் அணுக்கள் அவ்விடைவெளிக்குள் கால்சியத்தைச் செலுத்தி, அங்குள்ள நீரின் அமிலத்தன்மையை வெளியேற்றிவிடும். அதனால் அந்நீர் கடல்நீரினும் காரமுடையதாகி, கால்சியம் கார்பனேட்டு அரகோனைட் என்னும் படிகமாக இழை இழையாகப் படியும். இவ்வேலைக்கு ஆற்றல் மிக வேண்டும். அவ்வாற்றல் பாசி தருவது. பகலொளியிற் கற்படிவு இருளினும் ஏறத்தாழ மும்மடங்கு மிகும் என்பது இதனைக் காட்டும். கல் உயர உயரப் பாலிப் பழைய தளத்தை விட்டு மேலேறி, அடியில் புதுத்தளம் இட்டுக்கொள்ளும். ஆகவே குன்றின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் தடிப்பே உயிருடையது. அதன் கீழுள்ள அனைத்தும் முன்னோர் வாழ்ந்து விட்டுச்சென்ற வெற்றில்லங்கள். ஓராண்டின் வளர்ச்சி ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர். கிளைக்கும் அக்ரோபோரா ஓராண்டில் 10 சென்டிமீட்டரும் வளரக்கூடும். எனினும் புயலில் அது முறியும், இது நிற்கும்.

வாழுமிடத்தைப் பொறுத்தவரை இவ்வகை பொறுமை மிக்கது. பாறை கட்டும் முருகைகட்குப் பொதுவாக 18 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பமும், உரிய உப்பும், ஒளி புகும் நீரும் வேண்டும். இவற்றுள் ஒளியில் மட்டும் போரைட்டிஸ் சிறிது விட்டுக்கொடுக்கும். கலங்கல் நீரில் மேலே படியும் மண்துகளை, உடல் முழுதும் ஒரு சளிப்படலம் சுரந்து போர்த்து, பின்னர் அப்படலத்தை மண்ணோடு உரித்துத் தள்ளிவிடும். தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை கரையை ஒட்டி அமைந்த 21 தீவுகளைச் சூழ்ந்த நீர் ஆழமற்றது. பருவக்காற்றுக் காலத்தில் பெரிதும் கலங்குவது. அங்கும் போரைட்டிஸ் நிலைத்திருப்பதற்கு இவ்வியல்பு துணையாகும். குன்றின்மேல் வண்ணவண்ணச் சிறு கூம்புகள் போன்ற புழுக்கள் பதிந்து வாழும். கிளிமீன்கள் தம் அலகுபோன்ற பற்களாற் கல்லையே கொறித்துண்டு மணலாகக் கழிக்கும். தீவின் வெண்மணலில் ஒரு பங்கு அவ்வாறு வந்ததே.

இவ்வகையின் தனிச்சிறப்புக்கு இனி வருவோம். 1972இல் நட்சன், படமியர், ஸ்மித் என்னும் மூவர், பசிபிக்கிலுள்ள எனிவெட்டாக் வட்டத்தீவின் முருகைக்கற்களை மெல்லிய பலகைகளாக அறுத்து எக்ஸ் கதிரில் நோக்கினர். அடர்ந்த வரியும் நெகிழ்ந்த வரியும் மாறிமாறித் தோன்றின. அத்தீவில் அமெரிக்கர் 1948 முதல் 1958 வரை அணுகுண்டு வெடித்தாய்வுகள் நிகழ்த்தியிருந்தமையால், அவ்வாண்டுகளில் வளர்ந்த கல்லிற் கதிரியக்கப் பொருள் படிந்திருந்தது. ஆண்டு தெரிந்த அப்படிவுகளிலிருந்து எண்ணிப் பார்த்தபோது, ஓர் அடர்வரியும் ஒரு நெகிழ்வரியும் சேர்ந்து ஓராண்டு ஆதல் உறுதியாயிற்று. பேரழிவின் சுவடே காலக்கணக்கின் திறவுகோலாயிற்று என்பது எண்ணத்தக்கது. மரத்தின் ஆண்டு வளையம் போன்றதே இது. வெப்பமண்டலத்து மரங்கள் பல தெளிவான வளையமிடாமையின், அங்கு இக்கல்லின் பயன் மிகப் பெரிது. போரைட்டிஸ் ஒழுங்காகவும் இடையறாதும் நூற்றாண்டுக்கணக்கில் வளர்வதால் இவ்வாய்வுக்குப் பெரிதும் அதனையே தேர்கின்றனர்.

எண்ணுதல் மட்டுமன்று, படித்தலும் கூடும். 1984இல் இசுடேல் என்பார், ஆசுதிரேலியாவின் பெருந்தடுப்புப் பாறையிலிருந்து எடுத்த கற்களைப் புறஊதாக் கதிரில் நோக்கி, ஒளிரும் வரிகள் இருத்தலைக் கண்டார். பர்டெகின் ஆறு பெருக்கெடுத்த ஆண்டுகளில், நிலத்து மக்கிலிருந்து கரைந்து வந்த பொருள் கல்லிற் படிந்து அவ்வொளியைத் தந்தது. ஆற்றளவு பதியத் தொடங்கிய காலத்திற்கும் முந்தைய வெள்ளங்களை இதனால் அறிய வழி பிறந்தது. கல்லிலுள்ள ஆக்சிசன் அணுக்களின் எடைவேறுபாட்டைக் கொண்டும், ஸ்டிரான்சியம் கால்சியத்தோடு கொண்ட விகிதத்தைக் கொண்டும், அவ்வக் காலத்துக் கடல்நீரின் வெப்பத்தைக் கணிக்கின்றனர்.

தமிழ்நாட்டாரை நேரே தொடும் சான்று ஒன்று சுமத்திராவில் உள்ளது. ஆழமற்ற இடத்தில் வளரும் போரைட்டிஸின் உச்சி, கடல் மிகத் தாழும் நாளில் நீருக்கு வெளியே நின்று காய்ந்து இறக்கும். பக்கங்கள் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். அதனாற் குன்று மேலே தட்டையாகி வட்ட மேசைபோல் விரியும். அம்மேசையின் உயரம் கடலின் தாழ்நீர் மட்டத்திற்கு ஒரு கோடு கிழித்தாற் போன்றது. நிலம் தாழ்ந்தால் விளிம்பு உயர்ந்து வளரும். நிலம் உயர்ந்தால் பழைய விளிம்பு இறந்து, அதனினும் தாழ்ந்த புதுவிளிம்பு தோன்றும். 2004 டிசம்பர் 26இல் சுமத்திராவுக்கு மேற்கே நிகழ்ந்து, ஆழிப்பேரலையாய் நாகப்பட்டினம் வரை வந்து உயிர் கொண்ட அந்நிலநடுக்கத்தில், சிமலூத் தீவின் வடமேற்கு முனை ஏறத்தாழ 1.5 மீட்டர் மேலெழுந்தது. மேலெழுந்து இறந்த முருகை மேசைகளைக் கொண்டே அதனை அளந்தனர். அவற்றின் அருகே மிகப் பழைய மேசைகளும் இறந்து கிடந்தன. யுரேனியம், தோரியம் என்னும் தனிமங்களின் அளவைக் கொண்டு அவற்றின் ஆண்டைக் கணித்தபோது, வடசிமலூவில் 1394ஐ ஒட்டியும் 1450ஐ ஒட்டியும் நிலம் திடீரென உயர்ந்தமை வெளிப்பட்டது. கணிப்பின் பிழை இரண்டு மூன்று ஆண்டே. நம் கல்வெட்டுக்களுட் பலவற்றின் காலத்தை இத்துணை நெருக்கமாகச் சொல்ல நமக்கு இயலாமையை நினைத்தால், இம்முருகையின் எழுத்துக்கு எத்துணை மதிப்பு என்பது விளங்கும். 2004க்கு முன்னர் இச்சான்று படிக்கப்பட்டிருப்பின் என்னாம் என்ற வினா எவர்க்கும் எழும்.

இத்தகைய கல்லை நம் கடற்கரை எவ்வாறு கையாண்டது என்பதையும் கூறல் வேண்டும். 1964 டிசம்பர்ப் புயலுக்குத் தப்பிய தனுஷ்கோடித் தேவாலயச் சுவரை அணுகி நோக்குவார், முருகையின் குழிகளை அக்கற்களிற் காணலாம். ஈழத்து நெடுந்தீவில் வேலிகளும் இக்கல்லாலேயே அமைந்தன. வேறு கல் கிடையாத மணற்கரையில் அஃது இயல்பே, அளவிலும் சிறிது. 20ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கார்பைடுத் தொழிலுக்கும் கல் தேவைப்பட்டபோது அளவு மாறிவிட்டது. தூத்துக்குடியை அடுத்தும் கீழக்கரையை அடுத்தும் உருண்டைக் குன்றுகளைக் கடப்பாரையால் நெம்பிப் பெயர்த்து வள்ளங்களில் ஏற்றினர். கனமும் திண்மையும் உடைய போரைட்டிஸ் போன்ற திரள்களே இதற்கு ஏற்றவை. ஒரு நாளிற் பெயர்த்த குன்று பல நூற்றாண்டின் வளர்ச்சி என்பதைப் பெயர்த்தவர் அறியார். அவர்க்கு அது கல், அக்கல் ஒரு நாட்கூலி. அவர்களைப் பழித்துப் பயனில்லை. பாறை என்றும் கல் என்றும் நாமே பெயரிட்டு வைத்திருக்கும்போது, அஃது உயிர் என்பது அவர்க்கு யார் வாயிலாகத் தெரிந்திருக்கும்?

விளைவு கண்கூடு. அலையைத் தடுத்த பாறை குறைந்தமையின் தீவுகள் அரிக்கப்பட்டன. தூத்துக்குடிப் பகுதியில் விலாங்குச்சல்லித் தீவும் கீழக்கரைப் பகுதியில் பூவரசன்பட்டித் தீவும் நீருள் மூழ்கிவிட்டன. 21 தீவுகளுட் புறத்தே தோன்றுவன 19 ஆயின. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அதன் பின்னரும் கல்லெடுப்பு உடனே நின்றுவிடவில்லை. 2001இல், பாறை கட்டும் முருகைகள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் குழியுடலிகள் என்னும் தலைப்பிற் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உரிய அதே அட்டவணை அது. பெய்சொனெல் கூறி ஏறத்தாழ 275 ஆண்டுகளுக்குப் பின், நம் நாட்டுச் சட்டமும் முருகையை விலங்கு என்று எழுதிற்று.

கடப்பாரை நின்றபின் வேறோர் இடர் மிகுந்துள்ளது. கோடையிற் கடல்நீரின் வெப்பம் வழக்கமான மேல்வரம்பினும் ஒரு பாகை கூடிச் சில வாரம் நீடித்தாற் போதும். பாசியின் ஒளிச்சேர்க்கை கெட்டு, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிசன் வடிவங்கள் அதனுள் மிகும். முருகை அப்பாசியை வெளியேற்றிவிடும். நிறம் தந்தது பாசியாதலின், ஒளி ஊடுருவும் தசையினூடே வெண்கல் தெரியும். இதனை வெளிறல் என்பர். வெளிறிய முருகை உடனே இறந்துவிடுவதில்லை, பட்டினியில் உள்ளது. வெப்பம் விரைவில் தணிந்தால் எஞ்சிய பாசி பெருகி உயிர் மீளும், தணியாவிடின் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளிறல் கடுமையாக நேர்ந்தது. 2016இல் மட்டும், அடிப்பரப்பில் உயிர்முருகை மூடியிருந்த அளவு நூற்றுக்கு ஏறத்தாழ 39இலிருந்து 23 ஆகக் குறைந்தது. அவ்வாண்டு பெரிதும் மடிந்தவை அக்ரோபோரா, மாண்டிபோரா, பொசில்லோபோரா என்னும் விரைவளர்ச்சி இனங்கள். போரைட்டிஸும் வெளிறியது, ஆயினும் அதன் தசை கல்லின் குழிகளுள் ஆழ்ந்திருத்தலின், மேலே இறந்ததாகத் தோன்றிய இடத்தும் உள்ளே எஞ்சிய தசை மீண்டும் பரவ இடமுண்டு.

இதனால் போரைட்டிஸுக்குக் கேடில்லை என்று கொள்ளலாகாது. வெளிறல்களுக்கு இடையே உள்ள ஆண்டுகள் குறைந்து வருகின்றன. 2024 ஏப்ரலில், நான்காவது உலகளாவிய வெளிறல் நடைபெறுவதாக அறிவியலார் அறிவித்தனர். காற்றிற் கரியமில வாயு மிகுந்து கடல்நீர் அமிலத்தன்மை நோக்கிச் சாயுமாயின், இடைவெளி நீரைக் காரமாக்கும் வேலைக்கு முருகை இன்னும் மிகுதியான ஆற்றலைச் செலவிட வேண்டும். கல்லின் அடர்த்தி அதனாற் குறையும்.

வெளிறிப் பிழைத்த போரைட்டிஸின் கல்லில் அவ்வாண்டுக்குரிய இடத்தில் வழக்கத்திற்கு மாறான மிக அடர்ந்த வரி ஒன்று பதியக் காண்கின்றனர். பட்டினியால் வளர்ச்சி குன்றிய பருவத்தின் சுவடு அது. பெருந்தடுப்புப் பாறையிலும் பசிபிக்கின் பிற இடங்களிலும் அறுத்தெடுத்த கற்களில் இவ்வரிகளை எண்ணி, எவரும் நேரிற் காணாத பழைய வெளிறல்களையும் ஆண்டு குறித்து வருகின்றனர். அங்ஙனம் அறுத்தெடுப்பதற்குக் குன்றைக் கொல்ல வேண்டுவதில்லை. சிறு தண்டு ஒன்றைத் துளைத்தெடுத்து, துளையைச் சிமிட்டியால் அடைத்துவிட்டால், சில ஆண்டுகளில் பாலிப்புகள் அவ்விடத்தை மூடி வளர்ந்துவிடுகின்றன.